கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

கண்டிச் சீமையில் ஒரு காணிக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், அது எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆற்றோரம் ஆயிரத்து நானூறு அடிவரை இருந்ததைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. ஐயாயிரம் அடிக்கு மேலே மிஞ்சியிருந்ததை அரசாங்கம் காடென்று ஒதுக்கி வைத்தது. இரண்டுக்கும் நடுவில் கோப்பி, தேயிலை, மிளகு, கராம்பு என்று மாற்றி மாற்றி நட்டார்கள், நட்டவர்களையும் மாற்றினார்கள். இந்தக் கணக்கை நான் இரண்டு படத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

1990களின் தொடக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இடவிளக்கப்படம் என்றால் பரீட்சைத் தாளோடு வரும் ஒரு துண்டு. ஆற்றின் பாயும் திசை எது, பாடசாலை எந்தச் சதுரத்தில் இருக்கிறது, இரண்டு இடங்களுக்கு நடுவே தூரம் எவ்வளவு என்ற கேள்விகளோடு அது முடிந்துவிடும். முழுத் தாளை மேசையில் விரித்துப் பார்த்தது பேராதனையில்தான். பழைய ஒரு அங்குலப் படம் அது. துணி ஒட்டிய பின்பக்கம், மடிப்புகளில் வெளிறிய மை. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்பதால் தாளில் ஒரு சதுர அங்குலம் தரையில் 640 ஏக்கர். நடுத்தரமான ஒரு தோட்டம் முழுவதையும் பெருவிரலால் மறைத்துவிடலாம்.

அந்தத் தாளுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி ஆளுநர் பிரெடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கியது. அப்போது கண்டி இன்னும் அரசன் கையில். பிரித்தானியர் அளந்ததெல்லாம் கரையோரம்தான். உள்நாட்டுக்கு வழி தெரியக்கூடாது என்பது கண்டி அரசின் கொள்கை. பாதைகளை அகலமாக்க விடாமல், கடவத்தை என்னும் எல்லைவாயில்களில் முள்வேலிக் கதவு போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது வருடம் உள்நாட்டில் கிடந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிப் போய் 1681இல் வெளியிட்ட புத்தகத்தில் கண்டி இராச்சியத்தின் படம் ஒன்றும் இருந்தது. 1815இல் கண்டி வீழ்ந்த பிறகு வீதியும் அளவையும் சேர்ந்தே மலையேறின. நாடு முழுவதற்குமான ஒரு அங்குல அளவை 1897இல் தொடங்கி 1924இல்தான் முடிந்தது. மொத்தம் 72 தாள். சங்கிலியும் பிளேன் டேபிளுமாக மலை மலையாக ஏறி இறங்கி வரைந்த வேலை. பிறகு மீற்றர் கணக்குக்கு மாறி 1:50,000 தொடர் வந்தது. அது 92 தாள். ஒவ்வொன்றும் 40 கிலோமீற்றர் நீளம், 25 கிலோமீற்றர் அகலமான நிலத்தைக் காட்டும்.

ஆய்வுக் கட்டுரைக்கு இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பிரதேசத்தின் மாற்றத்தை எழுதலாம் என்று முடிவானபோது என் விரிவுரையாளர் ஒன்றே ஒன்று சொன்னார். "தம்பி, உமக்குத் தெரிஞ்ச இடத்த எடும். தெரியாத இடமெண்டா படம் சொல்றதெல்லாம் உண்மை மாதிரியே இருக்கும்."

எனக்குத் தெரிந்த இடம் தெல்தோட்டைக்கும் ஹேவாஹெட்டைக்கும் இடைப்பட்ட மலைப்பக்கம். அங்கே ஒரு தோட்டத்தின் பணிய லயத்தில், தொழிலாளருக்கான கீழ் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். அதையே எடுத்துக்கொண்டேன். மகாவலிப் பள்ளத்தாக்கில் தெல்தெனியப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். மலையில் நடந்ததும் பள்ளத்தில் நடந்ததும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வேலை எளிதாக இருக்கவில்லை. முதல் சிக்கல் அளவுத்திட்டம். பழைய தாள் 1:63,360, புதியது 1:50,000. பழையதில் ஒரு மைல் 2.54 சென்ரிமீற்றர் என்றால் புதியதில் அதே மைல் 3.22. நேராக ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் ஆறு மலைமேல் ஏறும். கண்ணாடி மேசைக்கு அடியில் பல்பு எரியவிட்டு, ட்ரேசிங் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி வரைய வேண்டும். இரண்டு தாளிலும் அசையாமல் இருக்கும் இடங்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்: மலையுச்சியில் உள்ள முக்கோண அளவை நிலையம், பழைய பாலம், விகாரை, வீதி பிரியும் முடக்கு. இவை நாலைந்து பொருந்தினால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும். பரப்பளவு கணக்கிடுவதற்குச் சதுரத்தாளை மேலே வைத்துக் கட்டம் எண்ணினோம். இன்றைக்குக் கணினியில் அரைமணி நேர வேலை. ஆனால் கையால் ஒவ்வொரு சமவுயரக் கோட்டையும் இழுத்தவனுக்கு அந்த மலை மனப்பாடமாகிவிடும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. தாளின் அடியில் அச்சிட்ட வருடம் இருக்கும். அதைப் பார்த்து அந்த வருடத்தில் நிலம் இப்படி இருந்தது என்று எழுதிவிடக்கூடாது. அளந்த காலம் வேறு, திருத்திய காலம் வேறு, அச்சிட்ட காலம் வேறு. திருத்தும்போதும் புதிய வீதியைச் சேர்ப்பார்கள், பக்கத்துத் தோட்டம் காடாகிப் போனதைக் கவனிக்காமல் விடுவார்கள். இதைச் சரிபார்க்க ஒரு வழி 1956இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியோடு நாடு முழுவதையும் எடுத்த வான்படங்கள். 1:40,000 அளவில் கறுப்பு வெள்ளை. இரட்டைப் படத்தை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்தால் மலை எழுந்து நிற்கும். தேயிலை நிரை நிரையாகத் தெரியும். அதுவும் போதாது. கடைசியில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

மேலிருந்து தொடங்குகிறேன். 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் திறந்தார். அடுத்த ஆண்டுகளில் ஆளுநர் பான்ஸ் கன்னொருவையில் திறந்தார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய காணி என்று எடுத்துக்கொள்ள வழிசெய்தது. கிராமத்தார் வயல் தமக்கு, மேலேயுள்ள சேனையும் தமக்கு என்று தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். வயலுக்கு எழுத்து இருந்தது, மேட்டுக்கு இல்லை. மேடு ஏலம் போனது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியில் கண்டறியப்பட்டு, பதினைந்து இருபது வருடத்தில் அந்தப் பயிரையே அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது.

இந்த ஓட்டத்தில் உச்சிக்காடு எப்படி மிஞ்சியது? 1873இல் கியூ பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேலே முடிக்குரிய காட்டை விற்கக்கூடாது என்று அரசு தடுத்தது. அதற்கு முன்பே விற்றுப்போனவை தோட்டமாகவே நின்றன. ஆனால் மற்ற இடங்களில் ஒரு கோடு விழுந்தது. ஒரு அங்குலப் படத்தில் சமவுயரக் கோடுகள் நூறு அடிக்கு ஒன்று. ஐயாயிரம் அடிக் கோட்டைப் பென்சிலால் தடிப்பாக்கிக்கொண்டு போனால், எங்கள் மலைகளின் தலையில் பல இடங்களில் காட்டின் விளிம்பு அந்தக் கோட்டோடு ஒட்டிக்கொண்டே வரும். லண்டனில் எடுத்த முடிவு ஒன்று எங்கள் ஊற்றுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று அன்றைக்கு மேசையில்தான் கண்டேன். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவை என்ன கதியாயின என்பதும் அதே தாளில் இருந்தது.

விடுமுறையில் படத்தின் போட்டோப் பிரதியைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பெரியப்பா அப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். கங்காணியாக இருந்தவர்; எழுத்து வாசிக்கத் தெரியாது. லயத்து வாசலில் தாளை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். வெற்றிலையை மென்றபடி குனிந்து பார்த்தார்.

"என்னடா தம்பி, ஆயிரம் பேரு பேர் போட்ட தோட்டம், ஒரு வெரலுக்குள்ள அடங்கிப்போச்சே."

"இதுதாங்க பெரியப்பா ஆறு. இந்தா, இது பாலம்."

ஆற்றையும் பாலத்தையும் காட்டியது போதும். அதற்குப் பிறகு அவர் விரல் தானாக ஏறியது. பாலத்திலிருந்து கீழ்க்கணக்கு என்னும் கீழ்ப்பிரிவு, முடக்கைத் தாண்டி ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலை, ஸ்டோருக்கு மேலே மேற்கணக்கு. கட்டடத்தைக் காட்டும் கறுப்புக் குறிகள் வரிசையாக இருந்த ஓரிடத்தில் நிறுத்தினார். "இது மேட்டு லயம். இருபது காம்பரா. இதுக்குப் பின்னால பதினெட்டாம் நம்பர் மல. அங்க கான் வெட்டுன காலத்துல ஒங்க அப்பா சின்னப் பய." பக்கத்திலிருந்த இன்னொரு குறியைத் தொட்டு, "இது புள்ளக்காம்பரா" என்றார். தாளில் இல்லாததையும் அவரே சேர்த்தார்: முனியாண்டி கல், ரோதை முனி, கவ்வாத்துச்சாமி வைத்த மரம், இடுகாடு. நான் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். எழுத்துத் தெரியாத ஒரு மனிதர் வெள்ளைக்காரச் சர்வேயர் காலத்துப் படத்தைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேட்டு லயத்தை இன்னொரு முறை தொட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல இப்ப ஒரு குடும்பமும் இல்ல. எல்லாம் கப்பல்ல போயிருச்சு."

1:50,000 தாளில் அந்த இடத்தில் கறுப்புக் குறிகள் இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. என் பெரியம்மாவின் தம்பி குடும்பமும் அதில் அடங்கியது. தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. இங்கே 1972இல் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. எழுபதுகளின் நடுப்பகுதிப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினி கிடந்து செத்தவர்கள் உண்டு. கண்டி மாவட்டத்தின் நடுமலைத் தோட்டங்கள், இரண்டாயிரம் அடிக்கும் நாலாயிரம் அடிக்கும் இடையில் இருப்பவை, பழைய தேயிலைத் தூரோடு விளைச்சல் குறைந்து கிடந்தன. அவற்றில் பலதைத் துண்டு போட்டுக் கிராமத்தவருக்குக் கொடுத்தார்கள். எழுபதுகளின் கடைசியில் கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளில் கலப்புப் பயிர் செய்து மக்களைக் குடியேற்றவென்று தனி அதிகாரசபையே உண்டானது. தேயிலைக்கான நிறம் பழைய தாளில் ஒரே விரிப்பாகக் கிடக்கும். புதிய தாளில் அதைத் துளை துளையாக வீட்டுத்தோட்டம் தின்றிருக்கும். எங்கள் பகுதியில் அந்தத் துளைகள் பெரும்பாலும் வீதியை ஒட்டியே தொடங்கி மேலே ஏறின.

அந்த வீட்டுத்தோட்டங்களைப் பார்க்கும்போது கோபப்படவும் முடியாது. பலா, கித்துல், மிளகுக்கொடி, கராம்பு, சாதிக்காய், அடியில் இஞ்சி என்று மாடி மாடியாக வைத்திருப்பார்கள், மண் ஓடாது. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றேன். வயதான சிங்களவர் ஒருவர். "புதே, வாங்க" என்று திண்ணையில் உட்காரவைத்துக் கித்துல் கருப்பட்டியோடு தேநீர் கொடுத்தார். படத்தைக் காட்டினேன். அவர் தேடியது தோட்டத்தை அல்ல; கீழே வயலையும் அதற்கு மேலே தோட்ட எல்லை தொடங்கும் இடத்தையும். "எங்க தாத்தாவுட சேனை இந்தக் கோட்டுக்கு மேல இருந்திச்சு. வெள்ளைக்காரன் எடுத்தான். இப்பதான் எங்களுக்குத் திரும்பி வந்திச்சு" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். அதே கோட்டுக்கு மேலேதான் எங்கள் மேட்டு லயமும் இருந்தது. அவர் சொன்னதும் உண்மை, பெரியப்பா சொன்னதும் உண்மை. எடுத்தவன் போய்விட்டான். எடுக்கப்பட்டவரும், எடுத்த நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவரும் அடுத்தடுத்த வேலியில் நிற்கிறார்கள். என் ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பகுதியைத்தான் அதிக நாள் எழுதினேன்.

அதே பக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் சம்பளம் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அந்தப் பெயரை மறப்பதில்லை. படத்தில் தோட்டத்தின் பெயரும் ஓடையும் ஸ்டோரும் இருக்கும். வேறொன்றும் இராது. படம் நிலத்தைச் சொல்லும். நிலத்தில் நடந்ததைச் சொல்லாது. அதற்குப் பெரியப்பாக்கள் வேண்டும்.

யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் கையில் படச்சுருளோடு பஸ்ஸில் போவது எவ்வளவு அபாயம் என்று இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். சுருளை விரித்த சிப்பாய்க்குத் தலைப்பில் இருந்த "கண்டி" என்ற சொல்லே போதுமாக இருந்தது. பென்சிலால் போட்டிருந்த அடையாளங்கள் அதைவிடப் பெரிய குற்றம். பல்கலைக்கழக அடையாள அட்டையையும் விரிவுரையாளர் கையெழுத்திட்ட கடிதத்தையும் நீட்டினேன். "இந்தப் புள்ளி என்ன?" "லயம், சேர்." "இது?" "அது கோவில், சேர். முனியாண்டி." மேலதிகாரி ஒருவர் வந்து தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் ஊர் எது என்று சொல்லி, அது இந்தப் படத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. காட்டிக் கொடுத்தேன். அவர் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகூட புள்ளிக் கோடாகக் கிடந்தது. என்னை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

பள்ளத்துக்கு வருகிறேன். தும்பறைப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் புகையிலைக்கும் கொக்கோவுக்கும் பேர்போனது. கண்டியைச் சுற்றி வளைந்து கிழக்கே திரும்பும் மகாவலி அங்கே அகலமாகத் தவழ்ந்து போகும். பழைய தாளில் தெல்தெனிய ஒரு சின்னப் பட்டணம்: வீதிகள் சந்திக்கும் இடம், கடைத்தெரு, பாலம், சுற்றிலும் வயல். 1985 ஏப்ரலில் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமான கொங்கிரீற் வில் அணை, பிரித்தானியாவின் பணம், திறப்பு விழாவுக்கு மார்கரட் தட்சர் வந்திருந்தார். நாங்கள் அந்த விழாவை வானொலியில் கேட்டோம்.

நீர்த்தேக்கம் நிரம்பினால் மட்டம் கடல்மேல் 438 மீற்றர். அடியில் சொன்னால் 1,437. அதாவது பழைய படத்தில் 1,400 அடிக் கோட்டுக்கும் 1,500 அடிக் கோட்டுக்கும் இடையில், கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. அணை கட்டுவதற்குப் பல பத்தாண்டு முன்னால் அச்சிட்ட தாளில் நான் நீர்த்தேக்கத்தை வரைந்தேன். நீலப் பென்சிலை எடுத்து 1,400 அடிக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே தள்ளி, அதே வளைவுகளோடு ஓடைகளின் வாய்க்குள் புகுந்து வெளியே வந்து, அணை நிற்கும் இடுக்கில் கொண்டுபோய் முடித்தேன். அந்தக் கோட்டுக்குள் தெல்தெனியக் கடைத்தெரு முழுவதும் விழுந்தது. வயல்கள், விகாரைகள், பள்ளிவாசல், பாடசாலைகள், பழைய வீதி எல்லாம் உள்ளே. புதிய 1:50,000 தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். திணைக்களம் அச்சிட்ட நீலமும் நான் கையால் போட்ட நீலமும் அநேகமாக ஒன்றாக இருந்தன. ஒரு ஊரின் முடிவு நாற்பது ஐம்பது வருடம் முன்பே கோடாக அதன்மேல் கிடந்திருக்கிறது. யாரும் நீலம் தீட்டவில்லை, அவ்வளவுதான்.

பொறியியலாளர்கள் தீட்டினார்கள். எத்தனை வீடு போகும், எத்தனை ஏக்கர் வயல் போகும், யாருக்கு என்ன நட்டஈடு என்று கணக்கெடுத்தார்கள். போனவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கே மகாவலி சி வலயத்துக்கு, இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேடும் என்று போனார்கள். மற்றவர்களுக்கு அருகிலேயே இடம் கொடுத்தார்கள். திகனவில் புதுப் பட்டணம் எழுந்தது. சுற்றுவட்டத்துத் தோட்டக் காணிகளும் அதற்குத் தேவைப்பட்டன. பள்ளத்திலிருந்து தண்ணீர் மனிதரை மேலே தள்ளியது. மேலே இருந்த லயக்காரர் அதற்கு முன்பே கடல்தாண்டித் தள்ளப்பட்டிருந்தார்கள். விரிவுரையாளர் இரண்டு பகுதியையும் சேர்த்து எழுதச் சொன்னதன் பொருள் அங்கேதான் புரிந்தது. தெல்தெனியக் குடும்பங்கள் இழந்தவற்றுக்கு உறுதி இருந்தது. ஆகவே பட்டியலும் கோப்பும் பெயரும் இருந்தன. மேட்டு லயத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. நாலு தலைமுறை இருந்த இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத மக்களுக்கு, பழைய தாளில் வரிசையாக இருக்கும் அந்தக் கறுப்புக் குறிகள்தான் அரசாங்கம் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சி.

கடும் வரட்சி வருடங்களில் நீர் வடிந்து பழைய தெல்தெனியவின் அத்திவாரங்களும் வீதியும் வெளியே தெரியும். கண்டியிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள். ஒரு முறை நானும் போனேன். வெடித்த சேற்றில் ஒரு மனிதர் மகளுக்குத் தங்கள் கடை இருந்த இடத்தைத் தேடிக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே மண்ணாக இருந்ததால் அடிக்கடி இடம் மாறினார். என்னிடம் இருந்த படத்தைக் கொடுத்தேன். பாலத்தின் தூணை வைத்துக்கொண்டு நடையை எண்ணித் தன் கடையைப் பிடித்துவிட்டார். படத்தைத் திருப்பித் தர மனமில்லாமல் தந்தார். பிரதி ஒன்று எடுத்து அனுப்பினேன்.

படித்து முடித்து ஆசிரியனானேன். உயர்தர வகுப்புக்குப் புவியியல். படவேலை பரீட்சைக்கு நிச்சயமான புள்ளி என்பதால் பிள்ளைகள் ஆர்வமாகத்தான் செய்வார்கள். ஆனால் எங்கேயோ ஒரு தாளை வைத்துச் செய்வார்கள். நான் எங்கள் பக்கத்துத் தாளையே கொடுக்கத் தொடங்கினேன். பழையதும் புதியதும் சேர்த்து. உன் லயம் எங்கே, அதற்கு மேலே என்ன, கீழே என்ன, பாட்டியிடம் கேட்டு வந்து எழுது.

சரிவுக் கணக்கு இதில் எளிதாக வரும். ஒரு அங்குலப் படத்தில் கால் அங்குலம் கால் மைல், அதாவது 1,320 அடி. அந்தக் கால் அங்குலத்துக்குள் ஐந்து கோட்டு இடைவெளி நெருங்கியிருந்தால் 500 அடி ஏற்றம். சரிவு ஏறத்தாழ 21 பாகை. மழை பெய்தால் பயப்பட வேண்டிய சரிவு அது. பழைய தாளில் மெல்லிய நீலத்தில் காட்டிய சின்ன ஓடைகள் பலவற்றை இன்று நிலத்தில் காணமுடியாது. மேலே மண்ணை நிரவி வீடு கட்டியிருப்பார்கள், அல்லது தோட்டத்துக் கானோடு திருப்பிவிட்டிருப்பார்கள். தண்ணீர் மறக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டம் எங்கும் மலைகள் இறங்கின. வீதிகள் மூடி, போன் வேலைசெய்யாமல், யார் இருக்கிறார் யார் இல்லை என்று தெரியாத நாட்கள். தண்ணீர் வடிந்த பிறகு பழைய மாணவர்கள் சிலர் வந்து அந்த ஒரு அங்குலத் தாளைத்தான் கேட்டார்கள். தங்கள் லயத்துக்கு மேலே பழைய ஓடை ஏதாவது இருந்ததா என்று பார்க்க வேண்டுமாம். மண்சரிவு அபாயப் படங்களைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1:10,000 அளவில் செய்திருக்கிறது. அதைத்தான் முதலில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கூடவே பழையதன் பிரதியையும் கொடுத்தேன். இப்போது ஓடாத ஓடையை அதில்தான் பார்க்கலாம்.

இந்தப் பயிற்சியில் ஒரு மாணவி கொண்டுவந்த வேலையை இங்கே சொல்ல வேண்டும். அவள் தோட்டத்தில் இடுகாட்டுக்குப் போகும் பாதையை, புதிதாகக் காணி வாங்கிய ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டார். சாவு விழுந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலை நிரைக்குள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பாதை எப்போதும் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்துச் சனங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? அவள் இரண்டு தாளையும் ட்ரேஸ் எடுத்தாள். ஒரு அங்குலத் தாளில் ஸ்டோரிலிருந்து ஓடை தாண்டி மேலேறும் புள்ளிக் கோடு ஒன்று இருந்தது. 1:50,000இலும் அதே கோடு அதே வளைவோடு. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பாலத்தையும் ஸ்டோரையும் பொருத்தி, இன்றைய வேலியைச் சிவப்பில் குறித்து, கீழே பாட்டிகள் மூன்று பேர் சொன்னதை எழுதி, கைரேகையும் வாங்கிவந்தாள்.

இடவிளக்கப்படம் காணி உரிமைக்கு ஆதாரமாகாது. உரிமைக்கு உறுதியும் அளவைப் படமும் வேறு. அதை அவளிடம் சொன்னேன். "சேர், நாங்க காணி கேக்கல. பாததான் கேக்குறோம். பாத இருந்திச்சுன்னு படம் சொல்லுதுல்ல" என்றாள். கிராம சேவகர் தாளை வாங்கிப் பார்த்தார். காணிக்காரரையும் தோட்டத்துத் தலைவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போனார். பாலத்திலிருந்து நடந்தார்கள். பேச்சு ஒரு காலை முழுவதும் நடந்தது. இப்போது வேலி ஓடைப்பக்கம் நகர்ந்திருக்கிறது. பெட்டி தூக்கும் நாலு பேர் தோளோடு தோள் ஒட்டாமல் போகும் அகலத்துக்கு வழி இருக்கிறது.

அந்த மாணவியின் படவேலைக்கு நான் முழுப் புள்ளி போட்டேன். அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அதே பயிற்சிதான். லயத்துக் கிழவிகள் இருக்கும்போதே செய்து முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.